நுனிப்புல் மேயும் சுற்றுலா

பிரித்தானியாவில் கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் ஒருவகைப் பட்டியல்கள் பெருகத் தொடங்கிவிடும். 'வட வேல்ஸில் பிள்ளைகளுடன் ஒரு நாள்', 'ஸ்னோடோனியாவில் தவறவிடக்கூடாத பத்து இடங்கள்' என்றவாறாக அவற்றின் தலைப்புகள் அமையும். அண்மைக்காலமாக எம்மவரும் இவற்றைத் தமிழில் எழுதத் தொடங்கியுள்ளனர். இலண்டனில் வாழும் நண்பரொருவர் அத்தகைய பயணக் கட்டுரையொன்றை எனக்கு அனுப்பி, "வாசிச்சுப் பாருங்கோ அண்ணை, நல்லா எழுதியிருக்கிறார்" என்று குறிப்பிட்டிருந்தார். வாசித்தேன். மனிதக் கை படாத மலைகளாம். இயற்கை அன்னையின் மடியாம். இடையிடையே சவாரிக் கட்டணம், வாகனத் தரிப்பிடம், கழிப்பறை வசதி, சோற்றுப்பொதியை அவிழ்த்து உண்பதற்கேற்ற புல்வெளி எங்கே என்னும் தகவல்கள். அவ்வளவே.

பல்லாண்டுகள் செய்தித்தாள்களில் பிறர் எழுதியதைத் திருத்தியே காலம் கழித்தவன் நான். அக்கட்டுரையின் நடையில் எனக்குக் குறையில்லை. அதன் முதல் வாக்கியமே பொய் என்பதுதான் எனது வழக்கு. மனிதக் கை படாத மலை என்று அவர் புகைப்படம் போட்டிருக்கும் மலை, படிப்படியாக, தட்டுத்தட்டாக மனிதக் கையினால் வெட்டி இறக்கப்பட்ட மலை. அப்பிரதேசத்தில் உல்லாசப் பயணிகளுக்குக் காட்டப்படும் இடங்களிற் பெரும்பாலானவை யாரோ ஒருவரின் உழைப்பின் எச்சம்; அல்லது தோல்வியின் எச்சம்; அல்லது இழப்பின் எச்சம். அதனை மறைத்துவிட்டு வெறும் 'அழகு' என்று விற்பவர்கள் விற்கட்டும். அது அவர்களது தொழில். நாம் ஏன் அதனை அப்படியே வாங்கி, எமது பிள்ளைகளின் கையிலும் கொடுக்கிறோம் என்பதே எனது கேள்வி.

அங்கு போகவேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். மகனின் குடும்பத்தோடு நானும் போயிருக்கிறேன். மழையில் நனைந்திருக்கிறேன். அந்த மலைகளின் அழகைக் கண்டு வாயடைத்து நின்றுமிருக்கிறேன். போகும்போது எதைப் பார்க்கிறோம் என்பதுதான் இங்கு வழக்கு.

பெயரிலிருந்தே தொடங்குவோம். ஆங்கிலத்தில் ஸ்னோடன் எனப்படும் 1,085 மீற்றர் உயரமான சிகரத்துக்கு வேல்ஸ் மொழியில் அர் வித்வா என்று பெயர். புதைமேடு என்பது அதன் பொருள். ரீத்தா என்னும் அரக்கன் அங்கே புதைக்கப்பட்டான் என்பது அவ்வூர்ப் பழங்கதை. அச்சிகரத்தைச் சூழ்ந்துள்ள மலைநாட்டுக்கு எரரி என்று பெயர். 1951 இல் இது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2022 நவம்பரில், ஆங்கிலத்தில் எழுதும்போதும் எரரி, அர் வித்வா என்றே எழுதுவதெனப் பூங்காவின் அதிகாரசபை தீர்மானித்தது. உடனே ஆங்கிலப் பத்திரிகைகளில் முணுமுணுப்பு எழுந்தது: வாயில் நுழையாத பெயராம், உல்லாசப் பயணிகள் குழம்பிவிடுவார்களாம். அதனை நான் எதிர்பார்த்திருந்தேன். ஆனால் எம்மவரும் அதே முணுமுணுப்பைத் தமிழில் மொழிபெயர்த்ததை நான் எதிர்பார்க்கவில்லை. எமது ஊர்ப்பெயர்கள் பெயர்ப்பலகையில் மாற்றி எழுதப்பட்டபோது துடித்தவர்கள் நாம். அந்த வலியை அறிந்தவனுக்கு அர் வித்வா என்று சொல்ல நாக்கு வளைய மறுக்குமா?

இனிக் கல்லுக்கு வருவோம். அப்பிரதேசத்தின் மலைகள் பலவற்றில் சிலேட் கல் உண்டு. நாம் பாடசாலையில் எழுதிப் பழகிய சிலேட்டின் அதே கல்தான்; அங்கே அதனைத் தகடாகப் பிளந்து வீட்டுக் கூரைக்கு இடுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கைத்தொழில் நகரங்கள் எழுந்தபோது அவற்றின் கூரைகள் பலவற்றை மூடியது இந்த மலைகளின் கல். அந்நூற்றாண்டின் இறுதியில் உலகின் மிகப்பெரிய சிலேட் கற்சுரங்கமாக விளங்கியது பெதெஸ்டா என்னும் ஊரிலுள்ள பென்ரின் சுரங்கம். இன்று அங்கே உல்லாசப் பயணிகள் எதற்காக வரிசையில் நிற்கிறார்கள் தெரியுமா? 2013 இல் அக்கற்குழிக்கு மேலாக ஒன்றரைக் கிலோமீற்றர் நீளத்துக்குக் கம்பி கட்டினார்கள். அதில் குப்புறத் தொங்கியபடி மணிக்கு 160 கிலோமீற்றர் வேகத்தில் பாய்ந்து செல்லலாம். ஸிப் லைன் என்கிறார்கள். எம்மவரின் பயணக் கட்டுரையிலும் அதுவே முதலிடம். பாய்வதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம். கீழே கிடக்கும் குழியைப் பற்றி அவர் எழுதியது ஒரேயொரு சொல்: 'பள்ளத்தாக்கு'.

அந்தப் 'பள்ளத்தாக்கில்' நடந்தது இது. 1900 நவம்பரில் ஏறத்தாழ 2,800 தொழிலாளர்கள் அச்சுரங்கத்தை விட்டு வெளியேறினர். தமது தொழிற்சங்கத்தை அங்கீகரிக்க வேண்டுமென்பது அவர்களது போராட்டத்தின் உள்ளக்கிடக்கை. பென்ரின் பிரபு இணங்கவில்லை, ஓரங்குலமும் விட்டுக்கொடுக்கவில்லை. போராட்டம் மூன்றாண்டுகள் நீண்டது. பசி வந்தது. பலர் தென் வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கங்களை நாடிக் குடிபெயர்ந்தனர். ஒரு பகுதியினர் இடைநடுவில் வேலைக்குத் திரும்பினர். திரும்பாதவர்கள் தத்தம் வீட்டு யன்னல்களில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டனர்: 'இந்த வீட்டில் துரோகி எவனுமில்லை.' 1903 நவம்பரில் போராட்டம் தோற்றது. ஆனால் அந்த அட்டை பிளந்த ஊர் பல தலைமுறைகளாகியும் ஒட்டவில்லை. அட்டை இருந்த வீட்டாரும் இல்லாத வீட்டாரும் ஒருவரோடொருவர் முகம் கொடுக்காமல் வாழ்ந்தார்கள். 'துரோகி' என்ற சொல் ஒரு சமூகத்தை என்ன செய்யும் என்பதை எமக்கு எவரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அந்த ஊருக்கு மேலாகக் கம்பியில் தொங்கிப் பாய்ந்துவிட்டு, ஊரின் பெயரைக்கூட எழுதாமல் கட்டுரையை முடிப்பதற்கு ஒரு தமிழனால் எப்படி இயன்றது?

அதே பயணத்தின் பிற்பகலில் அவர்கள் பென்ரின் கோட்டைக்குச் சென்றுள்ளனர். 'அரச பரம்பரையின் மாளிகை' என்று எழுதியிருக்கிறார். அரச பரம்பரையுமில்லை, பழங்காலக் கோட்டையுமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பழமையின் தோற்றம் வரும்படியாகக் கட்டப்பட்ட பணக்கார வீடு அது. பணம் எங்கிருந்து வந்தது? முதலாவது பென்ரின் பிரபுவான ரிச்சார்ட் பெனன்ட் ஜமேக்காவில் கரும்புத் தோட்டங்களுக்கும் அவற்றில் உழைத்த நூற்றுக்கணக்கான ஆபிரிக்க அடிமைகளுக்கும் உரிமையாளர். அடிமை வாணிபத்தை ஒழிக்கக்கூடாதெனப் பாராளுமன்றத்தில் வாதாடியவர். கரும்பின் பணம் கற்சுரங்கமாயிற்று, துறைமுகமாயிற்று, வீதியாயிற்று. அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது, அவரது வாரிசும் இன்றைய கோட்டையைக் கட்டியவருமான ஜோர்ஜ் டோக்கின்ஸ் பெனன்ட் 764 அடிமைகளை இழந்தமைக்காக அரசிடமிருந்து 14,683 பவுண் நட்டஈடு பெற்றார். விடுதலை பெற்ற அந்த 764 பேருக்கு ஒரு பென்னியேனும் கிடைக்கவில்லை. கோட்டைக்குள்ளே விக்டோரியா மகாராணிக்காகச் செய்யப்பட்ட சிலேட் கட்டிலொன்று உண்டு. எடை ஏறத்தாழ ஒரு தொன். எம்மவரின் கட்டுரையில் அக்கட்டிலின் புகைப்படம் இருக்கிறது. அதனை வெட்டியவர்கள் இல்லை. 1951 முதல் கோட்டை நஷனல் ட்ரஸ்ட் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் பொறுப்பிலுள்ளது. ஜமேக்காவின் கதையையும் போராட்டத்தின் கதையையும் அவர்களே உள்ளே எழுதி வைத்திருக்கிறார்கள். வாசிப்பதற்கு நுழைவுச்சீட்டைத் தவிர மேலதிகக் கட்டணம் எதுவுமில்லை.

லான்பெரிஸ் என்னும் ஊர் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. 1896 முதல் அங்கிருந்து சிகரத்துக்கு ஏறும் பற்சக்கர ரயில் இருக்கிறது. ஏரிக்கு மறுகரையில் டினோர்விக் கற்சுரங்கம். உச்சகாலத்தில் 3,000 பேருக்கு மேல் உழைத்த இடம். 1969 இல் மூடப்பட்டது. அதன் பட்டறைகளே 1972 முதல் சிலேட் அருங்காட்சியகமாயின. பாரிய புனரமைப்புக்காக 2024 நவம்பரில் அது மூடப்பட்டதால், போகுமுன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துச் செல்வது நல்லது. சிலேட்டைப் பிளக்கும்போது எழும் நுண்தூசு நுரையீரலில் படிந்து, மூச்சை மெல்ல மெல்ல அடைத்துக் கொல்லும். சுரங்க முதலாளிகளின் சம்பளம் பெற்ற வைத்தியர்களோ தூசினால் கேடில்லை என்றார்கள். தொழிலாளர்கள் நீண்ட நேரம் கொதிக்க வைத்த தேநீரை அளவுக்கதிகமாகக் குடிப்பதே நோய்க்குக் காரணம் என்றும் எழுதி வைத்தார்கள். தேயிலை விளையும் நாட்டிலிருந்து வந்தவன் நான். தேநீரின்மீது இத்தகைய பழியை வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. அந்தத் தூசுக்கு இழப்பீடு வழங்கும் சட்டம் எப்போது வந்தது? 1979 இல். டினோர்விக் மூடப்பட்டுப் பத்தாண்டுகளின் பின்னர். அப்போது இழப்பீட்டைக் கையில் வாங்க உயிரோடிருந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

இம்மனிதர்களைப் பரிதாபத்துக்குரியவர்களாக மட்டும் காட்டினால் அதுவும் அநியாயமாகும். மதிய உணவு வேளையில் அவர்கள் கூடும் கற்குடிலுக்குக் கபான் என்று பெயர். அங்கே விவாதம் நடக்கும். கவிதைப் போட்டி நடக்கும். மதமும் அரசியலும் அலசப்படும். எழுத்தறிவும் தாய்மொழிப் பற்றும் மிகுந்த தொழிலாளர் சமூகம் அது. சனசமூக நிலையத் திண்ணையில் பத்திரிகை படித்து வளர்ந்த எனது தலைமுறைக்கு அந்தக் கபானை விளக்கத் தேவையில்லை.

மறைப்பதில் உல்லாசப் பயண ஏடுகளை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. 1951 இல் தேசியப் பூங்காவின் எல்லையை வரைந்தவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். பிளைனாய் பெஸ்டினியொக் என்னும் சிலேட் நகரம் அந்த மலைநாட்டின் நடுவே இருக்கிறது. நகரைச் சூழ்ந்து கழிவுக்கல் மலைமலையாகக் கிடந்தது. அது 'இயற்கை அழகு' அன்று எனக் கருதிப் பூங்காவின் நடுவே ஓட்டை போட்டதுபோல் அந்த நகரை மட்டும் விலக்கி எல்லை வரைந்தார்கள். நுவரெலியாவில் தேயிலைச் சரிவைப் புகைப்படம் எடுப்பவர் லயன் அறைகள் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்வாரே, அதையே இங்கே அரசாங்கம் செய்தது. காலம் எப்படித் திரும்பியது பாருங்கள்: அவர்கள் அசிங்கமென ஒதுக்கிய அதே கழிவுக்கல் மேடுகளை உள்ளடக்கிய சிலேட் நிலப்பரப்பை, 2021 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது. பிள்ளைகள் ஆசையோடு ஏறும் பெஸ்டினியொக் சிற்றுரயில்கூட 1836 இல் சிலேட்டைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்கென்றே போடப்பட்டது. அங்கே முதலில் வந்தது கல். உல்லாசப் பயணி பிறகுதான் வந்தார்.

அடுத்து, வெள்ளநீர்ப் படகுச் சவாரி. பாலா நகருக்கு அண்மையில் ட்ரவெரின் ஆற்றில் இறப்பர்ப் படகில் குதித்துக் குதித்துச் செல்லும் இந்த விளையாட்டைக் குடும்பங்கள் பெரிதும் விரும்புகின்றன. கோடையில் மற்றைய ஆறுகள் வற்றிக் கிடக்கையில் இங்கு மட்டும் நீர் எப்படி நுரைத்துப் பாய்கிறது? மேலேயுள்ள அணையிலிருந்து திறந்துவிடுகிறார்கள். அந்த அணையின் அடியில் காப்பெல் கெலின் என்றொரு கிராமம் இருந்தது. லிவர்பூல் நகருக்கு நீர் வேண்டுமென்று 1957 இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. வேல்ஸின் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர்கூட அச்சட்டத்துக்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை; அப்படியிருந்தும் சட்டம் நிறைவேறியது. கிராம மக்கள் லிவர்பூலுக்கே சென்று வீதியில் ஊர்வலம் போனார்கள். பயனில்லை. 1965 இல் பாடசாலையும் தபாற்கந்தோரும் தேவாலயமும் இடுகாடும் பண்ணைகளும் நீருக்குள் போயின. வேல்ஸ் மொழியைத் தவிர வேறொன்றும் பேசாமல் வாழ்ந்த ஊர் அது. 2005 இல் லிவர்பூல் மாநகரசபை மன்னிப்புக் கேட்டது. நாற்பது ஆண்டுகளின் பின்னர்.

ஏரிக்கரையில் ஒரு நினைவாலயம் இருக்கிறது. அங்கே நாம் நின்றபோது எனது பேத்தி, அப்போது அவளுக்கு எட்டு வயது, "அப்பப்பா, பள்ளிக்கூடம் தண்ணிக்குள்ள போனா பிள்ளையள் எங்க போனவை?" என்று கேட்டாள். அந்தப் பெரிய ஏரியைப் பார்த்து 'வாவ்' என்பதைவிடச் சிறந்த கேள்வி அது.

உண்மை இப்படி எங்கும் கிடக்க, உல்லாசப் பயணிகள் கண்ணீர் விடுவதோ ஒரு பொய்க் கல்லறையில். பெத்கெலெர்ட் கிராமத்தில் கெலெர்ட் என்னும் வேட்டைநாயின் சமாதி இருக்கிறது. ஓநாயைக் கொன்று குழந்தையைக் காப்பாற்றிய நாயை, வாயிலிருந்த இரத்தத்தைக் கண்டு, குழந்தையைக் கொன்றுவிட்டதென எண்ணி இளவரசன் வெட்டிவிட்டானாம். கதை எங்கோ கேட்டது போலிருக்கிறதா? எமது கீரிப்பிள்ளைக் கதைதான். பஞ்சதந்திரத்தில் உண்டு, சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலும் கோவலனின் கொடையைச் சொல்லுமிடத்தில் வருகிறது. ஊரூராய் உலகைச் சுற்றிய கதை அங்கே நாயாக மாறிக் குடியேறியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வூர் விடுதிக்காரர் ஒருவர், பயணிகளை ஈர்ப்பதற்காகக் கல்லையும் நாட்டிச் சமாதியாக்கினார் என்பார்கள். வியாபாரி அவர், அவரை நான் நோகமாட்டேன். ஆனால் இல்லாத நாய்க்கு அழுதுவிட்டு, மெய்யாகவே மூச்சடைத்துச் செத்தவர்களின் குழிக்கு மேலே கூச்சலிட்டுப் பறப்பது என்ன வகையான மனம்?

இவையெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2021 குடிசன மதிப்பீட்டின்படி வேல்ஸ் முழுவதிலும் அந்த மொழியைப் பேசுவோர் 17.8 வீதம், எரரியின் பெரும்பகுதி அடங்கும் குவினெத் மாவட்டத்திலோ 64.4 வீதம். வேல்ஸ் மொழி கடைத்தெருவில் மூச்சுவிடும் கடைசி இடங்களுள் இதுவும் ஒன்று. அதனைக் காப்பாற்ற வேண்டிய இளைஞர்களுக்கு வீடு இல்லை. விடுமுறைக்கு மட்டும் வந்துபோகும் செல்வந்தர்களும், இரவுக் கணக்கில் வாடகைக்கு விடுவோரும் கிராமத்து வீடுகளை விலைகூட்டி வாங்கிவிடுகின்றனர். அதே மாவட்டத்தின் கடற்கரையில் அபர்சோக் என்னும் ஊர் உண்டு. கோடையில் கார் நிறுத்த இடமிராது. அவ்வூரின் ஆரம்பப் பாடசாலை 2021 டிசெம்பரில் மூடப்பட்டது. படிக்கப் பத்துப் பிள்ளைகள்கூட இல்லை. காப்பெல் கெலினின் பாடசாலை நீரில் மூழ்கியது; அபர்சோக்கின் பாடசாலை நல்ல வெயிலில் மூழ்கிற்று.

மாவட்டசபை கைகட்டிக்கொண்டிருக்கவில்லை. 2023 ஏப்ரலில் இரண்டாம் வீடுகளுக்கான மேலதிக வரியை 150 வீதமாக உயர்த்தியது. 2025 இல் வேல்ஸ் பாராளுமன்றம் உல்லாசப் பயணிகளுக்கான தங்குமிட வரிச் சட்டத்தை நிறைவேற்றியது. விரும்பும் சபைகள் 2027 முதல் விடுதியில் தங்கும் ஒருவரிடம் ஓர் இரவுக்கு 1 பவுண் 30 பென்ஸ் அறவிட அது வழிசெய்கிறது. இதற்கு எழுந்த கூக்குரலைக் கேட்டிருப்பீர்கள். 'எங்களை விரட்டுகிறார்கள்' என்று எம்மவர் ஒருவரும் முகம்சிவந்து பேசினார். கணவன் மனைவி இருவருக்கு இரண்டு இரவுகளுக்கு 5 பவுண் 20 பென்ஸ். கம்பியில் ஒரு தடவை தொங்குவதற்கு அதைப் போலப் பன்மடங்கு கொடுக்கிறோம். கழிப்பறையைக் கழுவுபவனுக்கும் பாதையைச் செப்பனிடுபவனுக்கும் கொடுக்கும்போது மட்டும் ஏன் கை நடுங்குகிறது?

என் மீது இரண்டு கண்டனங்கள் வரும் என்பதை அறிவேன். முதலாவது: "ஐயா, பிள்ளைகள் விளையாடப் போகும் இடத்திலும் உமக்கு அரசியலா?" பிள்ளைகள் விளையாடட்டும். ரயிலில் ஏறட்டும், படகில் குதிக்கட்டும். நான் கேட்பது அந்த நாளில் கால்மணி நேரம். ஓர் எட்டு வயதுப் பிள்ளைக்குக் கேட்கத் தெரிந்த கேள்விக்குப் பதில் சொல்ல நாற்பது வயதுத் தகப்பனுக்குத் தெரியவில்லையென்றால், பிள்ளைக்குப் பாரம் என்று சொல்வது வெறும் சாட்டு.

இரண்டாவது கண்டனம் கனமானது: சுற்றுலாதானே அவர்களுக்குச் சோறு போடுகிறது? ஆம், போடுகிறது. சுரங்கங்கள் மூடப்பட்ட ஊர்களில் கம்பிச் சவாரியும் வேலை தருகிறது. அதனை எள்ளுபவன் அந்த ஊரவனாக இருக்கமாட்டான். ஆனால் பருவகாலக் கூலியை நம்பி அங்கே வீடு வாங்க முடியாது. ஊரவர்களே இதற்கு விடை தேடியிருக்கிறார்கள். அந்தூர் ஸ்டினியொக் என்ற இலாப நோக்கற்ற நிறுவனத்தை பிளைனாய் பெஸ்டினியொக் மக்களே தொடங்கி, மலைச் சரிவில் சைக்கிள் ஓடுபாதைகளை அமைத்தார்கள். சுற்றுலாவை எதிர்ப்பது அவர்கள் நோக்கமன்று. அதன் வருமானம் ஊரில் தங்கவேண்டும், அதன் மொழி ஊர்மொழியாக இருக்கவேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. பயணி அந்தப் பக்கம் நிற்பதா, மற்றப் பக்கம் நிற்பதா என்பது அவர் பணப்பையைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் தீர்மானமாகிறது.

ஆகவே, அடுத்த கோடையில் அப்பக்கம் செல்லவிருக்கும் வாசகர்களுக்கு எனது வேண்டுகோள்கள் எளியவை. ஆண்டுக்கு ஐந்து இலட்சம் பேருக்கு மேல் ஏறும் சிகரம் அது. காரை வீதியோரத்தில் செருகாமல் பேருந்தில் செல்லுங்கள். சோற்றுப்பொதியோடு போவதில் தவறில்லை. ஆனால் தேநீரையாவது ஊரவரின் கடையில் குடியுங்கள். கடைக்காரருக்கு 'டியோல்க்' என்று சொல்லுங்கள். வேல்ஸ் மொழியில் நன்றி என்று பொருள். பெதெஸ்டாவின் வீதியில் ஒரு தடவை நடந்து பாருங்கள். கோட்டைக்குள் கட்டிலைப் பார்க்குமுன் சுவரில் எழுதியிருப்பதை வாசியுங்கள். படகிலிருந்து இறங்கியபின், ஈர உடுப்போடேனும் பரவாயில்லை, காரில் சில நிமிடம் மேலே சென்று அந்த ஏரிக்கரையில் நில்லுங்கள்.

பயணக் கட்டுரை எழுதும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் ஒரு சொல். நன்றாக எழுதுகிறீர்கள், எழுதுங்கள். கட்டணமும் கழிப்பறையும் வாகனத் தரிப்பிடமும் தேவையான தகவல்களே. அவற்றோடு, அந்த மலையை வெட்டியவர் யார், அந்த ஏரிக்குள் இருப்பது என்ன என்று இரண்டு வரி சேர்த்து எழுதினால், உங்கள் கட்டுரையை நானே நாலு பேருக்கு அனுப்பி வைப்பேன்.